நின்ற பாதம் நடக்க வேண்டும்



நமது கொக்குவிலில் ஆடியபாதம் வீதி என்றொரு வீதி உண்டு. கூத்தப்பிரானின் திருவடியை நினைவூட்டும் அப்பெயருடைய வீதியிலேதான், 1978ஆம் ஆண்டு தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடமும் இருக்கிறது. ஆனால் நம்மூர் ஒழுங்கைகளிலே, பாதம் நின்றுபோய் விறாந்தைக் கதிரையோடு கிடப்பவர் பலர். அவர்களைப் பற்றியே இன்று பேச வந்தோம்.

ஒருவருக்குப் பாரிசவாதம். ஒருவருக்கு மோட்டார் சைக்கிள் விபத்திலே தலையிலடி. இன்னொருவருக்கு 2009இல் முடிந்த போர்க்காலத்தில் மூளையிற் பட்ட காயம். காரணம் வேறாயினும் பின்கதை ஒன்றே. உயிர் தப்பியது; சில மாதம் பயிற்சியும் நடந்தது. ஆறு மாதம் கழிந்ததும், "இனி இவ்வளவுதான்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றுமுதல் கதிரையே கதி.

இந்த ஆறு மாதக் கணக்குச் சரியா? சரியன்று. முதல் மாதங்களில் முன்னேற்றம் விரைவாக வரும் என்பது உண்மை. அதன்பின் கதவு அடைபட்டுவிடும் என்பதே பிழை. இறந்த மூளைப்பகுதி மீண்டும் முளைப்பதில்லை. ஆயினும் எஞ்சிய பகுதிகள், ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது தமக்குள் புதிய தொடர்புகளை ஏற்படுத்திக்கொள்கின்றன.

இதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் பாரிசவாதம் கண்ட 408 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2011இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினர், உடற்பாரத்தைத் தாங்கும் வாருடன் ஓடுபட்டி இயந்திரத்தில் இரண்டாம் மாதத்திலிருந்து நடந்தனர். இன்னொரு பகுதியினர் ஆறாம் மாதத்திலேயே அதைத் தொடங்கினர். மூன்றாம் பகுதியினருக்கு இயன்மருத்துவர் வீட்டுக்கே சென்று பயிற்சி கொடுத்தார். ஓராண்டு முடிவில் எல்லோருமாக 52 சதவீதத்தினரின் நடை ஒரு படி உயர்ந்திருந்தது. விலையுயர்ந்த இயந்திரம் வீட்டு முற்றத்தை வெல்லவில்லை. பிந்தித் தொடங்கியவரும் பின்தங்கவில்லை. நம்மைப் போன்ற ஊருக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?

அந்நாட்டு நரம்பியல் இயன்மருத்துவர்கள் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி மேலும் ஒன்று சொல்கிறது. ஆறு மாதம் கடந்தவரின் நடை வேகத்தையும் தூரத்தையும் கூட்டுவதற்கு முதன்மையான மருந்து நடையே. அதுவும் இதயத் துடிப்பு உயருமளவு முயன்று நடக்கும் நடை. ஒரே இடத்தில் நின்று சமநிலை பழகுவது மாத்திரம் போதாது. நீந்தப் பழகுபவன் கரையிலிருந்து கையை வீசினால் நீச்சல் வருமா?

இந்நோயாளரின் கால் எவ்வாறு பிழைக்கிறது? பாதத்தின் முன்பகுதி தொங்கி விரல் நிலத்திலே இழுபடும். அதைத் தவிர்க்கக் காலைப் பக்கவாட்டில் வளைத்து வீசுவார்கள். கெண்டைத் தசை விறைக்கும். முழங்கால் பின்புறம் மடங்கும். தொங்கும் பாதத்துக்குக் கணுக்காற் கவசம் உண்டு. விறைத்த தசையைத் தளர்த்த மருத்துவர் ஊசி போடுவதுமுண்டு. ஆனால் ஊசி தசையைத் தளர்த்துமேயன்றி நடையைக் கற்பிக்காது. கற்பிப்பது பயிற்சியே.

முன்னேற்றத்தை வீட்டிலேயே அளக்கலாம். முற்றத்தில் 10 மீற்றர் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கடக்க 25 விநாடிக்கு மேற்பட்டால் அவர் பெரும்பாலும் வீட்டுக்குள் நடமாடுபவர். 12 விநாடிக்குள் கடந்தால் ஊருக்குள் சென்றுவரக்கூடியவர். மாதமொருமுறை அளந்து கொப்பியிலே எழுதி வையுங்கள். 31 விநாடி 27 ஆகும் நாளில் அந்த வீட்டில் உண்டாகும் மகிழ்ச்சியைப் பாருங்கள்!

எச்சரிக்கையும் வேண்டும். வேகநடை தொடங்குமுன் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சு நொந்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள். விழுதல் பெரும் பகை. கிணற்றடிப் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள்; குதியைப் பிடிக்காத செருப்பைத் தவிருங்கள்; சாரத்தை உயர்த்திக் கட்டுங்கள். துணை நிற்பவர் பலவீனமான பக்கத்தில், சற்றுப் பின்னால் நிற்கவேண்டும். கையைப் பிடித்து இழுக்கலாகாது. இடுப்பிலே அகன்ற பட்டி கட்டி அதைப் பிடிப்பதே நன்று.

தாய்மாருக்கு ஒரு சொல். தண்ணீரும் சோறும் கதிரைக்கே கொண்டுவந்து கொடுப்பது அன்புதான். ஆனால் அந்த அன்பு ஒரு நாளிலே எத்தனை அடிகளை அவரிடமிருந்து பறிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். செம்பை நாலடி தள்ளி வையுங்கள். அவர் எழுந்து வரட்டும். நீங்கள் அருகில் நில்லுங்கள்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு பணி. ஒழுங்கைக்கு ஒருவராக முன்வாருங்கள். இயன்மருத்துவர் காட்டிக்கொடுத்த முறைப்படி, மாலையில் அரைமணி நேரம் அவரோடு நடவுங்கள். இந்த மாதம் படலை வரை, அடுத்த மாதம் சந்தி வரை. பல ஆண்டாகக் கோயில் வாசலைக் காணாத ஒருவர், அடுத்த திருவிழாவுக்குத் தம் காலால் நடந்து வந்து நிற்பாராயின், அதைவிட இச்சங்கம் செய்யக்கூடிய தொண்டு வேறில்லை.