கடைச் சோதனையும் நமது கடமையும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தராசு பிடித்தே குடும்பத்தைத் தாங்கிய முன்னோரின் வழிவந்தோர் நம்மிற் பலர். ஆதலின், கடைச் சோதனையைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல முன்வந்தோம். அதிகாரி தெருமுனையில் வருகிறார் என்றவுடன் கதவைச் சாத்துவோரும், கல்லாப்பெட்டியைத் திறந்து ஏதேனும் கையில் வைத்தனுப்புவோரும் நம்மிடையே உளர். இரண்டும் அச்சத்தின் காரியமே. அச்சமோ அறியாமையினின்றும் பிறப்பது.

வருகிறவர் யாவர் என்பதை முதலில் அறிதல் வேண்டும். நகராட்சியார் தொழில் உரிமத்தையும், குப்பை, சாக்கடை முதலியவற்றையும், 2019-ம் ஆண்டு ஜனவரி முதல் நம் மாநிலத்தில் விலக்கப்பெற்ற பிளாஸ்டிக் பொருள்களையும் பார்ப்பர். உண்பண்டங்களைச் சோதிப்பவர், 2006-ம் ஆண்டுச் சட்டத்தின்படி நியமனம் பெற்ற உணவுப் பாதுகாப்பு அலுவலர். நிறையையும் அளவையும் பார்ப்போர் தொழிலாளர் துறையினர். எடைக்கல்லுக்கு 2 ஆண்டுக்கொருமுறையும், மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும். கடைச் சிப்பந்திகளுக்கு ஆசனம் அளிக்க வேண்டுமென்று 1947-ம் ஆண்டுச் சட்டத்தில் 2021-ல் ஒரு பிரிவும் சேர்க்கப்பட்டது. நாளெல்லாம் கால்கடுக்க நிற்கும் பெண்களும் ஒரு வீட்டுச் செல்வங்களே அல்லவா?

சட்டம் நம்மைக் கட்டுவதோடு காக்கவும் செய்கிறது. உணவு மாதிரி எடுக்கும் அலுவலர் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். வழக்கமான விலையைக் கொடுக்க வேண்டும். மாதிரியை 4 பாகமாக்கி முத்திரையிட வேண்டும். ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புமாறு கடைக்காரரும் கேட்கலாம். குறைகளைத் திருத்தும்படி நோட்டீசு தரப்பட்டால், தவணை 14 நாட்களுக்குக் குறைதலாகாது. தகுந்த காரணமின்றித் துன்புறுத்தும் நோக்குடன் பொருளைப் பறிமுதல் செய்யும் அலுவலருக்கே 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. எனினும், அலுவலர்மீது பொய்ப் புகார் கூறுவோருக்கும் அபராதம் உண்டென்பதை மறத்தலாகாது.

இனி, கைக்கூலியைப் பற்றி ஒரு வார்த்தை. வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம் என்பதை 2018-ம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தெளிவாக்கியது. கட்டாயத்தினாற் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் உரிய இடத்தில் தெரிவித்தால் அவருக்குத் தண்டனையில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கணக்குப் பார்ப்போம். ஒருமுறை கொடுத்தது மறுமுறை வழக்கமாகும்; வழக்கம் வரியாகும். அன்றியும், நாம் கொடுக்கும் அதே தொகையைக் கொடுத்து எதிர்க்கடைக் கலப்படக்காரரும் தப்புவாராயின், நல்ல சரக்கு விற்கும் நமக்கு வேற்றுமை யாது? சோதனை என்பது நேர்மையான வணிகருக்குச் சர்க்கார் அளிக்கும் நற்சாட்சி. அதனை நாமே விலைக்கு விற்றுவிட்டால், எஞ்சுவது அவப்பெயர் ஒன்றே.

ஆதலின், ஒவ்வொரு கடையிலும் உரிமம், முத்திரைச் சான்று, நோட்டீசு ஆகிய யாவற்றையும் ஒரே கட்டில் வைத்துக் காப்போமாக. எழுத்தறிவு குறைந்த சிறு கடைக்காரருக்குச் சங்கத்துப் படித்த இளைஞர் உடனிருந்து உதவ வேண்டும். 3 மாதத்திற்கொருமுறை நம் கடைகளை நாமே ஒருவர்க்கொருவர் பார்த்துக் குறை கூறித் திருத்திக்கொள்வோமாயின், எவ்வதிகாரி எந்நேரத்தில் வரினும் ‘வாருங்கள், அமருங்கள்’ என்று முகமலர்ந்து வரவேற்கலாம். குழந்தைக்குப் பால் வாங்க வரும் ஏழைத் தாய் நம் கடையை நம்பி வருகிறாள். அந்நம்பிக்கையே நம் முதல். அதற்கு நட்டம் வாராது காப்பது நம் கடன்.