மரகத மலையில் மாண்டவர்கள்



தென் அமெரிக்காவில், இன்றைய கொலம்பியா நாட்டு மலைகளில் முஸோ மக்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் மண்ணுக்கடியில் மரகதம் கிடந்தது. அதுவே அவர்களுக்கு எமனாயிற்று.

1539-ல் லான்செரோ தலைமையில் ஸ்பெயின் படை வந்தது. விஷ அம்பெய்து விரட்டினார்கள். இருபது ஆண்டுகள் பணியவில்லை. 1559-ல் மீண்டும் வந்த லான்செரோ அங்கே ஸ்பானிய நகரம் அமைத்தான்.

பிறகு? மலைக்குச் சொந்தக்காரன் சுரங்கத்தில் அடிமையானான். கொள்ளை நோயும் கொடும் வேலையும் மக்களைத் தின்றன. ஆள் குறைந்ததும் ஆப்பிரிக்கர்களை விலங்கிட்டுக் கொண்டுவந்தார்கள். தோண்டிய கல்லில் ஐந்தில் ஒரு பங்கு ஸ்பெயின் அரசனுக்கு! கடல் கடந்து மொகலாய அரண்மனைக்கும் அந்தக் கற்கள் வந்தன.

இன்றும் அந்த ஊரின் பெயர் முஸோ. மரகதமும் கிடைக்கிறது. அம்மக்கள் பேசிய மொழிதான் மாண்டுவிட்டது.

கல்லின் பச்சையைப் பலர் புகழ்ந்தார்கள். நாம், அதைத் தோண்டிய கைகளை நினைப்போம்!