பிளாக் சாபத்தின் முதல் ஆல்பமும் விமர்சகர் செவியும்

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த பிளாக் சாபத் என்னும் இசைக்குழு, தன் பெயரையே தலைப்பாகச் சூட்டிய முதல் ஆல்பத்தை 1970 பிப்ரவரி 13 அன்று வெளியிட்டது. மின்கிட்டாரின் ஒலியை வேண்டுமென்றே சிதைத்துப் பெருக்கி, கனத்த தாளத்தையும் திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர்களையும் முன்னிறுத்தும் ஹெவி மெட்டல் என்னும் இசைவகைக்கு இந்த ஆல்பமே தொடக்கம் என்று இன்று பரவலாகக் கொள்ளப்படுகிறது. ஆயினும் வெளிவந்த காலத்தில் அமெரிக்காவின் செல்வாக்குமிக்க விமர்சகர்கள் இதைக் கடுமையாக இகழ்ந்தனர். அவர்களுக்குக் கேட்கும் செவியே இல்லை என்பதுதான் பின்னாளில் நிலைபெற்ற விளக்கம். அந்த விளக்கத்தை இச்சொற்பொழிவு ஏற்கவில்லை. அவர்கள் ஆல்பத்தில் கேட்டவை பெரும்பாலும் அதில் உள்ளவையே. கேட்டவற்றுக்கு இட்ட மதிப்பில்தான் பிழை நேர்ந்தது என்பதும், பிற்காலப் புகழ்ச்சியும் தன் பங்குக்குச் சிலவற்றைக் கேட்கத் தவறியது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

குழுவினர் நால்வரும் 1948, 1949 ஆண்டுகளில் பிறந்தவர்கள். பர்மிங்காமின் ஆஸ்டன் என்னும் தொழிலாளர் பகுதியில் வளர்ந்தவர்கள். கிட்டார் வாசித்த டோனி அயோமி தகட்டு உலோகத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் சிலகாலம் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். பேஸ் கிட்டார் என்னும் தாழ்சுருதிக் கிட்டாரை வாசித்த கீசர் பட்லர்தான் பாடல் வரிகளில் பெரும்பகுதியை எழுதினார். டிரம்ஸ் பில் வார்டின் பொறுப்பு. அயோமிக்கு 17 வயதானபோது, தொழிற்சாலையில் அவருடைய கடைசி வேலை நாளன்று, இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகளைத் துண்டித்தது. இடக்கைப் பழக்கமுடைய அவருக்குக் கம்பிகளை அழுத்தும் கை வலக்கையே என்பதால் இசை வாழ்வு முடிந்துபோயிருக்க வேண்டும். தீக்காயத்தால் இரு விரல்கள் செயலிழந்த பின்னும் வாசித்து உயர்ந்த ஜாஸ் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றை மேற்பார்வையாளர் ஒருவர் கொண்டுவந்து கேட்கச் செய்ததும், அயோமி பிளாஸ்டிக்கை உருக்கி விரல்களுக்கு உறைகள் செய்துகொண்டதும், மெல்லிய கம்பிகளைத் தேடிப் பொருத்தியதும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. காயம் அவரை ஒரு தெரிவின் பக்கம் தள்ளியது என்பது உண்மை. ஆனால் காயமே இசையைப் படைத்தது என்று சொல்வது அந்தத் தெரிவைச் செய்த மனிதனை மறைத்துவிடும்.

1969 அக்டோபர் நடுவில், லண்டனின் ரீஜன்ட் சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒரே நாளில் இந்த ஆல்பம் பதிவாயிற்று. தயாரிப்பாளர் ராட்ஜர் பெயின். மேடையில் வாசித்து வந்த பாடல்களைக் குழுவினர் கூடத்திலும் ஒன்றாகவே வாசித்தனர்; மழை, இடி, தேவாலய மணி ஆகியவற்றின் ஒலிகள் பின்னர் சேர்க்கப்பட்டன. அந்த நாளிலேயே அயோமியின் பெண்டர் கிட்டார் பழுதாகிவிட, கையிருப்பிலிருந்த கிப்சன் எஸ்ஜி கிட்டாரைக் கொண்டு மீதிப் பாடல்களை அவர் முடித்தார். அந்த வகைக் கிட்டாரே பின்னர் அவருடைய அடையாளமாயிற்று.

ஆல்பத்தின் பெயரையே கொண்ட முதற்பாடல்தான் ஆராய்ச்சிக்கு மிகுந்த இடம் தருவது. இதன் அடிப்படை, ரிஃப் எனப்படும் குறுந்தொடர். பாடல் முழுவதையும் தாங்கும்படி மீண்டும் மீண்டும் வாசிக்கப்படும் சிறு இசைச்சொற்றொடருக்கு ராக் இசையில் இப்பெயர். இங்கு அது மூன்றே சுரங்களால் ஆனது: கீழ் சட்ஜம், மேல் சட்ஜம், பிறகு இரண்டுக்கும் சரிநடுவில் நிற்கும் பிரதி மத்தியமம். சட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் உள்ள இந்த இடைவெளியை மேற்கத்திய இசையியல் டிரைடோன் என்கிறது. அங்கு அதற்குச் சாத்தானின் சுரம் என்ற பழிப்பெயர் நெடுங்காலமாக உண்டு. ஆங்கில இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் கோள்களைப் பற்றி அமைத்த இசைத்தொகுதியில் செவ்வாய்க்குரிய பகுதியைப் பட்லர் வாசித்துப் பார்த்ததிலிருந்து இந்த ரிஃப் கிளைத்தது என்று குழுவினர் கூறியுள்ளனர். ஆயினும் இந்த இடைவெளியே அச்சத்தைப் பிறப்பிக்கிறது என்னும் வழக்கமான விளக்கம் போதாது. கருநாடக இசையின் 72 மேளங்களில் 36 பிரதி மத்தியமத்தை உடையவை. அவற்றுள் ஒன்றான கல்யாணி ராகத்தைக் கேட்டு அஞ்சியவர் எவருமில்லை. அச்சம் இங்கு விளைவது அமைப்பினால்: மகிழ்ச்சியா சோகமா என்று காட்டும் காந்தாரம் ஒலிக்காததால் எதையும் பற்றிக்கொள்ள முடியாத வெறுமை, மூன்றாம் சுரத்தை முழுதும் நிலைக்கவிடாமல் நடுக்கும் விரல், அடுத்த அடி எப்போது விழும் என்று செவி காத்திருக்கும்படி இழுபடும் காலப்பிரமாணம். ஆறு நிமிடங்களுக்கு மேல் நீளும் பாடலில், இறுதிப்பகுதி வரை இந்த மந்தகதி பொறுமையோடு காக்கப்படுகிறது. வேகமே திறமையின் சான்றாகக் கருதப்பட்ட காலத்தில் இத்தகைய மெதுநடைக்குத் துணிவு வேண்டியிருந்தது.

அச்சத்தை இசையின் பொருளாக்கும் எண்ணம் திரையரங்கிலிருந்து வந்தது. இத்தாலிய இயக்குநர் மரியோ பாவாவின் 1963ஆம் ஆண்டுத் திகில் படத்தின் ஆங்கிலத் தலைப்பே குழுவின் பெயராயிற்று. அஞ்சுவதற்காகக் காசு கொடுத்து வரிசையில் நிற்கும் மக்கள், அச்சமூட்டும் இசையையும் கேட்க மாட்டார்களா என்று அவர்கள் எண்ணினர். தொல்காப்பியம் அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அணங்கு என்னும் அச்சுறுத்தும் தெய்வத்தையும் அதன் நிலைக்களன்களுள் ஒன்றாகக் கொண்டது. அந்த மரபில் பயின்ற வாசகருக்கு இம்முயற்சியில் சிறுபிள்ளைத்தனம் எதுவும் தோன்றாது. பாடலின் குரல் இருளுருவைக் கண்டு நடுங்கி உதவி கோருபவனின் குரல் என்பதும் கவனிக்கத்தக்கது. வழிபடுபவனின் குரல் அங்கில்லை. கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த பட்லருக்குத் தீமை பற்றிய அச்சம் மெய்யாகவே இருந்தது. ஆனால் ஆல்பத்தை வெளியிட்ட வெர்டிகோ நிறுவனம் அதன் உறையின் உட்பக்கத்தில் தலைகீழ்ச் சிலுவை ஒன்றை, குழுவினரைக் கேளாமலேயே, அச்சிட்டுவிட்டது. சாத்தான் வழிபாட்டினர் என்ற பழியைப் பல ஆண்டுகள் அவர்கள் சுமக்க நேர்ந்தது. உறையின் முன்பக்கத்துக்கு ஆக்ஸ்போர்டுஷயரின் மேப்பிள்டரம் நீராலையின் முன் கருப்பு உடையில் நிற்கும் பெண்ணைப் படமெடுத்த கீத் மெக்மில்லனின் வேலையோ பாடலுக்கு முற்றிலும் பொருந்துவது.

ரோலிங் ஸ்டோன் இதழில் 1970 செப்டம்பரில் லெஸ்டர் பேங்ஸ் எழுதிய மதிப்புரை, இக்குழு ஏற்கெனவே கலைந்துபோன கிரீம் என்னும் ஆங்கிலக் குழுவின் தரம் தாழ்ந்த நகல் என்று முடிவுகட்டியது. பாடல்கள் மரத்துப்போனவை, வரிகள் அரைகுறை மாந்திரீகம், வாசிப்பு தடுமாற்றம் என்பன அவருடைய குற்றச்சாட்டுகள். வில்லேஜ் வாய்ஸ் இதழில் எழுதிய ராபர்ட் கிறிஸ்காவும் மிகக் குறைந்த தரமிட்டு, அக்கால எதிர்ப்பண்பாட்டின் மோசமான கூறுகளின் திரட்சியாகவே இதைக் கண்டார். இசை கேட்போர் இத்தீர்ப்புகளை முடிவாக ஏற்கவில்லை: பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஆல்பம் 8ஆம் இடத்தையும் அமெரிக்காவில் 23ஆம் இடத்தையும் எட்டி, அங்கு ஓராண்டுக்கு மேல் பட்டியலில் நின்றது. இதைக் கொண்டு மக்கள் சரி, விமர்சகர் பிழை என்று தீர்ப்பு வழங்குவது எளிது. விற்பனை எதையும் மெய்ப்பிப்பதில்லை என்பதால் அத்தீர்ப்புக்கு மதிப்பில்லை.

பேங்ஸின் செவி ஒன்றைச் சரியாகப் பிடித்திருந்தது. ஆல்பத்தின் பாதி, புளூஸ் ராக்தான். அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையை வெள்ளையின ஆங்கில இளைஞர்கள் மின்கருவிகளில் உரத்து வாசித்த வகை. இரண்டாம் பாடலில் மவுத் ஆர்கன் ஒலிக்கிறது. பிரிட்டன் பதிப்பின் இரு பாடல்கள் வேறு குழுக்களின் பாடல்கள். அவற்றுள் ஒன்றில், ஏன்ஸ்லி டன்பாரின் குழுவிடமிருந்து பெற்றதில், நெடுநேரம் தொடரும் கிட்டார் ஆலாபனை கிரீம் குழுவின் வழியைத் தயங்காமல் பின்பற்றுகிறது. அந்தப் பகுதி இன்றும் சோர்வு தருவதே. எனவே கிரீமின் அளவுகோலைக் கையிலெடுத்தது முற்றிலும் முறையற்ற செயலன்று. அதே அளவுகோலால் முதற்பாடலையும் அளந்ததுதான் தவறு. திரும்பத் திரும்ப வருதல், மந்தகதி, எளிய சுரக்கட்டு ஆகியவை அங்குக் குறைபாடுகளாக எண்ணப்பட்டன; ஆனால் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் பல நூறு குழுக்கள் அவற்றையே இலக்கணமாகக் கொண்டன.

பேங்ஸ் பெருமைக்குரியவராவது இதற்குப் பின்னரே. அமெரிக்காவில் அந்நாளில் வெளிவந்த கிரீம் என்னும் இதழில் (குழுவோடு பெயரொலி ஒன்றாயினும் இது வேறு) 1972இல் அவர் இதே குழுவைப் பற்றி நீண்ட கட்டுரையை இரு பகுதிகளாக எழுதினார்; சாத்தான் கூத்தாக முன்பு ஒதுக்கியவற்றில், போரையும் போதையையும் கண்டு கலங்கும் ஒழுக்கவுணர்வு இருப்பதை அங்கு அவர் ஏற்றார். தம் தீர்ப்பை இரண்டே ஆண்டுகளில் பொதுவெளியில் திருத்திக்கொண்ட விமர்சகர்கள் எந்தத் துறையிலும் அரியர். நிறுவனங்களின் ஏற்பு மிக மெதுவாக வந்தது: 2006இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் குழுவை ஏற்றது, 2017இல் ரோலிங் ஸ்டோன் வெளியிட்ட தலைசிறந்த நூறு மெட்டல் ஆல்பங்களின் பட்டியலில், அவ்விதழே ஒருகாலத்தில் தள்ளிய இந்த ஆல்பம் 5ஆம் இடம் பெற்றது, 2023இல் பர்மிங்காம் ராயல் பாலே இவர்களின் இசையைக் கொண்டு முழுநீள நடனநாடகமே அரங்கேற்றியது.

இந்தப் புகழ்ச்சியிலும் ஒரு செவிக்குறை உண்டு. ஆலையின் சம்மட்டி ஒலியே இசையாயிற்று என்னும் உவமை ஒவ்வொரு கட்டுரையிலும் இடம்பெறுகிறது. பில் வார்டின் வாசிப்பை ஒருமுறை தனித்துக் கேட்டால் அந்த உவமை நிற்பதில்லை. ஜீன் குருபா போன்ற ஜாஸ் டிரம்ஸ் கலைஞர்களைக் கேட்டு வளர்ந்த வார்ட், அடிகளைச் சமமாக இடாமல் சற்றே பின்தள்ளியும் முன்னிழுத்தும் ஊசலாட விடுகிறார். முதற்பாடலின் மந்தப்பகுதியில் கிட்டார் அசையாது நிற்கும்போது அசைவு முழுவதும் அவருடைய உருட்டல்களிலேயே இருக்கிறது. பட்லரும் கிட்டாரின் நிழலாக நில்லாமல், நான்காம் பாடலின் முன் தனியே நெடிதாக வாசிப்பது போல, தனக்கென ஒரு வழி வகுத்துக்கொள்கிறார். அயோமியின் ரிஃபைப் பின்வந்தோர் எளிதில் கற்றுக்கொண்டனர்; அதன் அடியில் ஓடிய இந்த ஜாஸ் நெளிவை மிகச் சிலரே எடுத்தனர். ஆகையால், தன்னிடமிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் இசையின் பெரும்பகுதியைவிட இந்த ஆல்பம் இன்றும் நெகிழ்ச்சியோடு ஒலிக்கிறது.