ஆட்டை எங்கே கட்டுறோம்?

குழுக் கடனில் வாங்கின ஆடு, தவணை முடியும் முன்னே கயிறு இறுகிச் செத்தால் கடன் மட்டும்தான் நிற்கும்.

கழுத்தில் சுருக்கு முடிச்சு போடவே கூடாது. இழுக்க இழுக்க இறுகும். பட்டை போட்டு, அதில் கயிற்றைக் கட்டுங்க.

முளை அடிக்கும் முன் ஒரு சுற்று நடந்து பாருங்க. 10 அடிக் கயிறு என்றால் ஆடு 20 அடி அகல வட்டம் சுற்றும். அதற்குள் கிணறு, பள்ளம், முள்புதர் இருக்கக்கூடாது. இளஞ்சோளமும் எட்டக்கூடாது, வாடின குருத்தில் விஷம் இருக்கு.

கரண்ட் கம்பத்திலோ, அதன் ஸ்டே கம்பியிலோ கட்டாதீங்க. அவசரத்துக்கு நம்மில் பலர் அங்கேதான் கட்டுறோம்! மழையில் கரண்ட் இறங்கினால், அவிழ்க்கப் போகிற நமக்கும் ஆபத்து.

காலையில் இருந்த நிழல் மதியம் இருக்காது. தண்ணி காட்டப் போகும்போது முளையை மாற்றி அடிங்க.