தீயை அணைப்பது யார் வேலை?

(குண்டடத்தில் கூடிய தொண்டர் கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது மிகச் சாதாரணமான விஷயம். மோட்சத்துக்கு வழி சொல்ல நாம் இங்கு வரவில்லை. உங்கள் கூரையில் தீப்பிடித்தால் முதல் கால் மணி நேரத்தில் யார் என்ன செய்வது என்பதைத்தான் பேசப்போகிறோம்.

முதலில் நம்முடைய வெட்கத்தைச் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சாளையில் சோளத்தட்டுப் போர் தீப்பிடித்தது. நாமும் ஓடினோம். அங்கே ஏற்கெனவே நூறு பேர் நின்றார்கள். சிலர் மண்ணை வாரி இறைத்தார்கள், சிலர் கத்தினார்கள், சிலர் செல்போனில் படம் பிடித்தார்கள். "தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியாய்விட்டதா?" என்று கேட்டோம். "யாராவது சொல்லியிருப்பார்கள்" என்றார்கள். விசாரித்துப் பார்த்ததில் ஒருவரும் சொல்லவில்லை. நூறு பேரும் மற்ற 99 பேரை நம்பிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்! கிணறு கூப்பிடு தூரத்தில் இருந்தது. பட்டியில் கட்டியிருந்த இரண்டு எருமைகளை அவிழ்த்துவிட வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. அவை கட்டிய கயிற்றிலேயே வெந்து செத்தன. வந்தவர்களில் ஒருவர், "அம்மனுக்கு ஏதோ குறை வைத்துவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். நாமும் அந்த நூறு பேரில் ஒருவராகத்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். ஆகவே யாரையும் குறை கூற நாம் இதைச் சொல்லவில்லை.

தோழர்களே! அம்மன் குறையா அது? தட்டுப்போர் மின்சாரக் கம்பிக்கு அடியில் போடப்பட்டிருந்தது. பட்டியோ போருக்கு ஒட்டினாற்போல் இருந்தது. இதில் தெய்வத்துக்கு என்ன வேலை? தீ என்பது மூன்று சரக்குகள் சேர்ந்து உண்டாவது. எரிகிற பொருள், சூடு, காற்று ஆகிய இந்த மூன்றில் ஒன்றை விலக்கினால் தீ செத்துப்போகும். இதைத் தெரிந்துகொள்ள வேதம் படிக்க வேண்டியதில்லை.

தலைவிதி என்று சொல்லிச் சொல்லி நாம் இழந்த உயிர்கள் எத்தனை என்று பாருங்கள். 1997 ஜூன் 7ஆந் தேதி தஞ்சைப் பெரிய கோவில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் எரிந்து, நெரிசலிலும் தீயிலும் 48 பேர் மாண்டார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆந் தேதி ஏர்வாடியில், பேய் பிடித்தவர்கள் என்று சொல்லிச் சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓடவும் வழியின்றி மாண்டார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கலியாணப் பந்தல் எரிந்து மணமகனே மாண்டான். அதே வருஷம் ஜூலை 16ஆந் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கூரை எரிந்து 94 குழந்தைகள் கரிந்தார்கள்.

இந்த நான்கிலும் ஓலையும் கீற்றும் இருந்தன. நான்கிலும் ஜனங்கள் வெளியே போக வழி போதவில்லை. நல்ல முகூர்த்தமும் இருந்தது, மந்திரமும் இருந்தது; ஒரு வாளி தண்ணீரோடு விஷயம் தெரிந்த பத்துப் பேர் மாத்திரம் இல்லை. இதற்குப் பேர் விதியா? அஜாக்கிரதை என்று நாம் சொல்லுகிறோம்.

இது எங்கேயோ நடந்த சங்கதி என்று நினைக்க வேண்டாம். நம் ஜில்லாத் தலைநகரான திருப்பூரில் 2023 ஜூன் மாதத்தில் காதர்பேட்டையில் சுமார் 50 பனியன் கடைகள் சாம்பலாயின. 2025 ஜூலையில் தொழிலாளர்கள் குடியிருந்த தகரக் கொட்டகை வீடுகள் 40க்கு மேல் எரிந்துபோயின. குண்டடத்தைச் சுற்றியும் பாருங்கள். நூல் மில், விசைத்தறி, பனியன் கழிவுத் துணிக் கிடங்கு, தேங்காய் நாரும் மட்டையும் காயும் களம், தட்டுப்போர், ஓலைச் சாளை என்று எல்லாம் எரியத் தயாராயிருக்கும் சரக்குகளே. அதிலும் பஞ்சுப் பொதியின் தீ மகா வஞ்சகமானது. மேலே தண்ணீர் ஊற்றி அணைந்துவிட்டதென்று வீட்டுக்குப் போனால், உள்ளே கங்கு கனிந்துகொண்டேயிருந்து நடுச்சாமத்தில் மறுபடியும் பற்றிக்கொள்ளும். பொதியைப் பிரித்து வெளியே இழுத்துப்போட்டு நனைத்தால்தான் சாகும். இதைத் தெரிந்தவன் ஒருவன் ஊரில் இருந்தால் ஒரு கிடங்கு பிழைக்கும்.

சிலர் கேட்கலாம்: "தீயணைக்கத்தான் சர்க்கார் இலாகா இருக்கிறதே, நாம் எதற்கு?" என்று. நியாயமான கேள்விதான். அந்த இலாகாவின் வேலையை நாம் குறைவாகச் சொல்லவில்லை. 1944 ஏப்ரல் 14ஆந் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்துத் தீயணைக்கப் போனவர்கள் 60 பேருக்கு மேல் உயிர் விட்டார்கள். அந்த நாளைத்தான் இந்த தேசம் இன்றும் தீயணைப்போர் நாளாகக் கொண்டாடுகிறது. ஊருக்குப் பக்கத்தில் நிலையம் வேண்டுமென்று சர்க்காரைக் கேட்பதும் நம் உரிமை, கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தாராபுரத்திலிருந்து வண்டி புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 10 மைல். மணியடித்த அந்த நிமிஷமே கிளம்பினாலும் வந்து சேரக் கால் மணிக்குக் குறையாது. தோட்டத்துச் சாளைக்குப் போகும் இட்டேரியில் வழி தெரியாமல் நின்றால் இன்னும் பத்து நிமிஷம். ஓலைக்கூரை எரிந்து விழ அவ்வளவு நேரம் வேண்டுமா? அந்த இருபது நிமிஷம் சர்க்காருடையதல்ல, கடவுளுடையதுமல்ல, நம்முடையது. அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் தொண்டர் படை வேண்டும் என்கிறோம்.

இது நம்மால் ஆகாத காரியமா? 2018 மார்ச் 11ஆந் தேதி தேனி ஜில்லா குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் மாண்டதை அறிவீர்கள். சிக்கியவர்களில் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்தவர்களும் இருந்தார்கள். செய்தி கேட்டு முதலில் மலையேறி ஓடியவர்களில் அங்குள்ள கிராமத்து ஜனங்கள் இருந்தார்கள். டோலி கட்டி வெந்தவர்களைச் சுமந்து இறக்கினார்கள். அவர்களுக்குச் சம்பளம் உண்டா, உடுப்பு உண்டா?

வெளிதேசங்களையும் பாருங்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 1736இல் பெஞ்சமின் பிராங்க்ளின் என்பவர் அண்டைவீட்டார்களைச் சேர்த்து ஒரு தீயணைப்புச் சங்கம் வைத்தார். அங்கத்தினர் ஒவ்வொருவரும் தோல் வாளியும், சாமான்களை அள்ளிப்போகப் பையும் தயாராய் வைத்திருக்க வேண்டுமென்பது சட்டம். தென்னமெரிக்காவில் சிலி தேசத்தில் 1851இல் வால்பரைசோ துறைமுகத்தில் ஆரம்பித்த தொண்டர் படைதான் இன்று அந்த தேசம் முழுவதும் தீயை அணைக்கிறது. வைத்தியரும் வக்கீலும் தச்சரும் கூலி வாங்காமல் ஓடுகிறார்கள். ஜெர்மனியில் இப்படிப்பட்ட தொண்டர்கள் சுமார் 10 லட்சம் பேர். அவர்களுக்கு இரண்டு கை, நமக்கு ஒரு கையா?

நிற்க, இந்தப் படை எப்படியிருக்க வேண்டும்? எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் வேண்டும். சேரியிலிருந்தும் வேண்டும், ஊரிலிருந்தும் வேண்டும். தீ ஒரு கூரையிலிருந்து மறு கூரைக்குத் தாவும்போது ஜாதி கேட்பதில்லை. கிணற்றிலிருந்து வாளி கைமாறி வரும்போது, "இவன் தொட்ட வாளியை நான் தொடமாட்டேன்" என்று ஒருவன் விலகினால் வரிசை அங்கேயே அறுந்துபோகும், வீடு எரிந்துபோகும். ஆகையால் எந்தக் கிணற்றிலும் யாரும் இறைக்கலாம் என்பதைத் தீப்பிடித்த அன்று பேசாமல் இன்றே பேசி முடித்துக்கொள்ளுங்கள். பெண்களும் சேரவேண்டும். பகலில் ஆண்கள் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால் ஊரில் இருப்பவர்கள் யார்? அடுப்புத் தீயை முதலில் பார்ப்பவர்கள் யார்?

வேலையையும் முன்கூட்டியே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் 101 அல்லது 112க்குப் பேசுவது. ஊர், தோட்டம், எரிகிற சரக்கு மூன்றையும் தெளிவாய்ச் சொல்லுவது. ஒருவர் தார் ரோட்டில் நின்று வண்டிக்கு வழி காட்டுவது. ஒருவர் மின்சாரத்தை நிறுத்துவது. நிறுத்தும்வரை அங்கே தண்ணீர் ஊற்றாமல் தடுப்பது. இருவர் மனிதர்களை வெளியேற்றித் தலை எண்ணுவது, மாடுகளை அவிழ்ப்பது. மற்றவர்கள் தண்ணீர் டிராக்டரையும், மருந்தடிக்கும் மிஷினையும் கொண்டுவருவது.

எண்ணெய்ச் சட்டி எரிந்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடிபோட்டு மூடவேண்டும். புகை மண்டிய இடத்தில் தரையோடு தவழ்ந்து வெளியேற வேண்டும். அநேகர் சாவது தீயினாலல்ல, புகையினால். உடுப்பில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் விழுந்து உருளவேண்டும். வெந்த இடத்தில் மசியும் பற்பசையும் விபூதியும் பூசாமல் இருபது நிமிஷம் குளிர்ந்த தண்ணீர் விடவேண்டும்.

இன்னொன்றும் சொல்லுகிறோம். தொண்டர் என்றால் எரிகிற வீட்டுக்குள் குதிப்பவர் என்று அர்த்தமல்ல. மூச்சுக்கருவியும் உடுப்பும் இல்லாமல் உள்ளே போகிறவன் வீரனல்ல. காப்பாற்றப்பட வேண்டியவர்களில் இன்னொருவன். உள்ளே போக வேண்டியது பழகியவர்கள் வேலை. அவர்கள் வரும்வரை தீயைப் பரவாமல் நிறுத்துவதும், உயிர்களை வெளியே வைத்திருப்பதுமே நம் வேலை. அதற்கும் பழக்கம் வேண்டும். நிலையத்தாரை அழைத்து ஒத்திகை பாருங்கள். வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்குத் தேர் இழுக்க ஆள் சேருகிறதே, மாதத்துக்கு ஒரு மணி நேரம் வாளி பிடிக்க ஆள் சேராதா?

தோழர்களே! அந்த இரண்டு எருமைகளையும் அவிழ்க்க ஒரு கத்தியும் ஒரு ஆளும் போதும். நூறு பேர் இருந்தும் அந்த ஒரு ஆள் இல்லை. அடுத்த தடவை கட்டுண்டு கிடப்பது எருமையாயில்லாமல் தொட்டிலில் தூங்கும் குழந்தையாயிருந்தால் என்ன செய்வோம்? இன்று கூட்டம் கலையுமுன் பத்துப் பேராவது பெயர் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். முதலில் நம்முடைய பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.