அலை மாறும்போது தமிழுக்கு இடம் எங்கே?

(வெள்ளவத்தையில் நடைபெற்ற கூட்டமொன்றில் வானொலிப் பொறியியலாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் அரசியல்வாதியல்லன்; ஒலிபரப்புக் கருவிகளோடு காலங்கழித்தவன். ஆயினும் இன்று சொல்லவிருப்பது கருவியைப் பற்றிய செய்தி மட்டுமன்று. எப்.எம். என்று நாம் வழங்கும் பண்பலை ஒலிபரப்பு சில நாடுகளில் ஓய்வு பெறத் தொடங்கியுள்ளது. அதன் ஆசனத்தில் எண்முறை ஒலிபரப்பு, அதாவது டிஜிட்டல் ஒலிபரப்பு, அமர்கின்றது. அம்மாற்றம் நம் வாயிலுக்கு வருமுன்னரே, அதில் தமிழ்க் குரலுக்கு என்ன இடம் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கொட்டாஞ்சேனையில் என் தந்தையார் ஒரு வால்வு வானொலி வைத்திருந்தார். பெட்டி சூடேறிப் பச்சைக் கண் ஒளிரும்வரை வீட்டில் எவரும் பேசலாகாது. அக்காலத்தில் இலங்கை வானொலி ஆசியாவின் செவிகளை ஆண்டது. 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலியாகத் தொடங்கிய நிலையம், யுத்தகாலத்து இராணுவ நிலையத்தின் ஆற்றல்மிக்க சிற்றலைக் கருவிகளைப் பெற்று வளர்ந்தது. 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடலை ஒதுக்கியபோது, இந்திய மக்கள் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பினார்கள். எஸ்.பி. மயில்வாகனனின் குரலைத் தமிழகம் தன் வீட்டுக் குரலாகவே ஏற்றுக்கொண்டது. அந்தப் புகழுக்குத் திறமை ஒரு காரணம். கையில் அலை இருந்தது மற்றொரு காரணம். அலை இல்லாத திறமையைக் கேட்பார் யார்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். பண்பலையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி அலைவரிசை உண்டு. நாடு முழுவதும் கேட்க வேண்டுமாயின் பிரதேசந்தோறும் வேறு அலைவரிசைகள் வேண்டும். எண்முறையிலோ ஒலி இலக்கங்களாக மாற்றப்பட்டு, பல நிலையங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டு, ஒரே அலைக்கட்டில் செல்கின்றன. பத்துக்கு மேற்பட்ட நிலையங்கள் ஒரு கட்டில் அடங்கும். மின்செலவும் குறைவு. இந்த வெள்ளவத்தையில் காலி வீதி நெடுகிலும் எழுந்துள்ள மாடி வீடுகளில் பண்பலை சுவருக்குச் சுவர் மோதிக் கரகரக்கின்றதல்லவா? எண்முறைக்கு அத்தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆகவே நான் இதற்குப் பகைவன் அல்லன்.

ஆனால் கொழும்பின் இலாபம் கிளிநொச்சியின் இலாபமாகிவிடாது. அலை மெலிந்த இடத்தில் பண்பலை இரைச்சலோடாவது பேசும். காதைக் கூர்மையாக்கினால் மழைச் செய்தியைப் பிடித்துக்கொள்ளலாம். எண்முறை அப்படி இரங்காது. ஓர் எல்லைவரை தெளிவாக ஒலித்து, எல்லை தாண்டியதும் அடியோடு ஊமையாகிவிடும். பண்பலைப் பெட்டிக்குச் சிறு பற்றறிகள் பல நாள் போதும். எண்முறைப் பெட்டி அவற்றை விரைவில் குடித்துவிடும். 1990க்குப் பின் மின்சாரமும் இன்றி, பற்றறியும் தடைசெய்யப்பட்ட யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிகட்டையைச் சுற்ற, டைனமோவின் மின்சாரத்தில் லண்டன் தமிழோசை கேட்டவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். வானொலி எவ்வளவு சொற்ப ஆகாரத்தில் உயிர்வாழும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தமிழோசையும் 2017 ஏப்ரல் 30ஆம் நாளோடு வானொலியில் மௌனமாகிவிட்டது.

நம்மவர் பலர் குடியேறியுள்ள நோர்வேயைப் பாருங்கள். 2017இல் தேசிய நிலையங்களின் பண்பலையை மாவட்டம் மாவட்டமாக நிறுத்திய முதல் நாடு அது. எனினும் 2011இலேயே நாளைக் குறித்தார்கள், நிபந்தனையும் விதித்தார்கள். பொது வானொலியின் பழைய அலை எட்டிய இடமெல்லாம் புதிய அலையும் எட்ட வேண்டும். நேயர்களில் பாதிப்பேராவது நாள்தோறும் எண்முறையில் கேட்பவராயிருக்க வேண்டும். அதன் பின்னரே விசையை அணைத்தார்கள். சிற்றூர் நிலையங்களைப் பெரும்பாலும் பண்பலையிலேயே விட்டும் வைத்தார்கள். அப்படியிருந்தும் மக்கள் முணுமுணுத்தார்கள். கேட்போர் தொகையும் குறைந்தது. சுவிற்சர்லாந்தின் பொது வானொலி 2024 டிசம்பர் 31இல் பண்பலையைக் கைவிட்டது; நேயரில் கணிசமானோரையும் கூடவே கைவிட நேர்ந்தது. இந்தியாவிலோ கதை வேறு. முப்பதுக்கு மேற்பட்ட மத்திய அலைக் கருவிகளை எண்முறைக்கு மாற்றினார்கள். சாதாரண குடியானவன் கடையில் கேட்டால் பெட்டி இல்லை. பந்தி விரித்தாயிற்று, இலை போடவில்லை!

நம் நாடு தொலைக்காட்சிக்கு 2014இல் யப்பானிய முறையைத் தெரிவுசெய்து கடனொப்பந்தமும் செய்தது. பத்தாண்டு கடந்தும் பழைய ஒளிபரப்பு நிற்கவில்லை. இந்தத் தாமதத்தை நான் குறைகூற மாட்டேன்; வானொலியைப் பற்றி யோசிக்க அது நமக்குத் தந்த அவகாசம்.

நான் அஞ்சுவது இதுதான். பண்பலையில் ஒவ்வொரு நிலையமும் தன் சைக்கிளில் தானே சென்றது. எண்முறையில் எல்லோரும் ஒரே பேருந்தில் ஏற வேண்டும். பேருந்து யாருடையது? சீட்டு விற்பவர் யார்? தமிழ் நிலையத்தை ஏற்றிக்கொண்டே, இலக்க அளவைக் குறைத்துக் கடைசிப் பலகையில் ஒடுக்கிவைக்கவும் முடியும். நிலையம் இருக்கும், ஒலி தகரத்தில் தட்டியதுபோல் வரும். கேட்டால், 'தமிழுக்கும் இடம் கொடுத்திருக்கிறோமே' என்ற பதில் கிடைக்கும். அத்தகைய பதில்கள் நமக்குப் புதியவையா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி அடித்தபோது, மலையகத்தில் மண் சரிந்தது. பல மாவட்டங்களில் மின்சாரமும் கைத்தொலைபேசித் தொடர்பும் அறுந்தன. கைத்தொலைபேசியிலேயே வானொலி கேட்கலாமே என்போர் அந்நாட்களை நினைத்துப் பார்க்கட்டும். இதில் எண்முறைக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. டி.ஆர்.எம். என்னும் முறையில், அபாய வேளையில் பெட்டியைத் தானே விழிக்கச் செய்து, அறிவித்தலைப் பல மொழிகளில் எழுத்தாகவும் காட்ட இயலும். இயலும் என்றேன், செய்வார்கள் என்று சொல்லவில்லை. தமிழில் எழுதி அனுப்ப அந்த நள்ளிரவில் அலுவலகத்தில் ஒருவர் இருக்க வேண்டுமே!

ஆகையால், அலைவரிசைகளை வகுக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் நாம் கேட்க வேண்டியவை சில. அலைக்கட்டு ஒவ்வொன்றிலும் தமிழ்ச் சேவைக்குச் சட்டத்தால் ஒதுக்கிய இடமும், சமமான இலக்க அளவும் வேண்டும். அபாய அறிவித்தல் மூன்று மொழிகளிலும் ஒரே கணத்தில் வெளிவர வேண்டும். முல்லைத்தீவிலும் மூதூரிலும் பதுளைத் தோட்டங்களிலும் அளந்து பார்க்காமல் பண்பலையை அணைக்கலாகாது. அந்த அளவையின் முடிவுகளைத் தமிழிலும் வெளியிட வேண்டும். பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் இச்சபையில் நிறைய இருக்கிறீர்கள். மனுவை எழுதுவது உங்கள் வேலை. எந்த வயலில் எந்த நிலையம் எப்படிக் கேட்கிறது என்று குறித்தனுப்புவது கமக்காரரின் வேலை. அந்தக் குறிப்பு இல்லாத மனுவை எந்த அலுவலகமும் பொருட்படுத்தாது.

உள்ளே வரும்போது பரந்தன் பக்கத்துப் பெரியவர் ஒருவர், 'தம்பி, அந்தப் புதுப் பெட்டி என்ன விலை?' என்று கேட்டார். இன்றைய பண்பலைப் பெட்டியைப் போலப் பல மடங்கு என்றேன். 'அப்படியானால் பழையதை அணைக்கவேண்டாமென்று சொல்லும்' என்றார். சொல்லிவிட்டேன். இனி உங்கள் வினாக்களைக் கேட்கக் காத்திருக்கிறேன்.