தர்லஸில் ஒரு ஹர்லிங் ஆட்டம்

டப்ளினிலிருந்து கார்க் போகும் ரயிலில் ஏறி, இன்று தர்லஸில் இறங்குவோம். அயர்லாந்தின் டிப்பரரி வட்டாரத்துச் சிற்றூர் இது. ஊர் நடுவே லிபர்ட்டி சதுக்கம், அதில் ஹேய்ஸ் ஹோட்டல். 1884 நவம்பர் 1 அன்று அங்கே கூடிய ஒரு சிலர்தான், ஆங்கிலேயர் ஆட்சியில் மங்கிவந்த தங்கள் ஆட்டங்களை மீட்கக் கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

ஆட்ட நாளில் ஊரிலுள்ள செம்பிள் மைதானத்துக்கு வழி கேட்க வேண்டாம். கூட்டத்தோடு நடந்தால் போதும்.

ஆட்டம், அப்படி மீட்கப்பட்டவற்றில் ஒன்றான ஹர்லிங். பக்கத்துக்கு 15 பேர்; ஆளுக்கொரு ஆஷ் மரத்து மட்டை. அடிமரம் வேரோடு வளையும் இடத்தில் அதை அறுத்தெடுக்கிறார்கள். மர ரேகையும் வளைந்தே ஓடுவதால் மட்டையின் அகன்ற நுனி அடி தாங்குகிறது. அப்படியும் முறியும். என் கண்ணெதிரே ஒருவரின் மட்டை பிளந்தது. எல்லைக்கோட்டிலிருந்து இன்னொன்று பறந்து வந்தது, ஆட்டம் நிற்கவேயில்லை.

குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் பந்து போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. கம்பத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி. வெள்ளைக் கோட்டு அணிந்த நடுவர் கோலுக்குப் பச்சைக் கொடியும் புள்ளிக்கு வெள்ளைக் கொடியும் அசைப்பார். பந்து போகும் வேகத்தில் புதியவர்களுக்கு அந்தக் கொடிதான் துணை.

என் வரிசையில் டிப்பரரியின் நீலச் சட்டையும் கார்க்கின் சிவப்புச் சட்டையும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தன. ரசிகர்களைப் பிரித்து வைக்க இங்கே வேலி கிடையாது. வீரர்களுக்குச் சம்பளமும் கிடையாது. ஞாயிறு ஆடியவர் திங்கட்கிழமை வகுப்பில் பாடம் நடத்துவார், இல்லை மாடு கறப்பார். எந்த ஊர் வளர்த்ததோ அந்த ஊருக்காக ஆடுவதே பெருமை. உலகில் நான் மிகவும் மதிக்கும் விளையாட்டு மரபு இதுதான்.

இந்தப் பற்றுக்குப் பின்னால் ரத்தமும் உண்டு. 1920 நவம்பர் 21 அன்று டப்ளினின் குரோக் பார்க்கில், கேலிக் கால்பந்து ஆட்டத்தின் நடுவே பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் டிப்பரரி வீரர் மைக்கேல் ஹோகன். அங்குள்ள பார்வையாளர் மாடம் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மே, ஜூன் மாதங்களில் அயர்லாந்து போகும் நேயர்களே, கோட்டைகளையும் கடற்கரைகளையும் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் ஹர்லிங்குக்கு ஒதுக்குங்கள். பெரிய ஆட்டங்களுக்கு டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். விதி புரியவில்லையென்றால் பக்கத்து இருக்கைக்காரரைக் கேளுங்கள், ஆசையாகச் சொல்லித் தருவார்.